மைக்கிலிருந்து பீடத்துக்கு: வழி கேட்கிறவர்களுக்குப் பழைய வானொலிக்காரன் ஒருவன் சொல்வது

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது போனில் கேட்கிறார்கள். "ஐயா, வாட்ஸ்அப்பில் தினமும் காலைத் தியானம் அனுப்புகிறேன், யூடியூபில் செய்தி கொடுக்கிறேன், நாலாயிரம் பேர் கேட்கிறார்கள். அடுத்து குருப்பட்டத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன். எப்படிப் போவது?" பதில் சொல்ல ஆரம்பிப்பேன். ஏற்காட்டில் மேகம் இறங்கினால் சிக்னல் பாதியில் போய்விடும். அதனால்தான் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 1994 முதல் ஒன்பது வருடம், சேலம் அம்மாபேட்டையில் ஒரு மாடி அறையில் இருந்து கால் மணி நேர நற்செய்தி நிகழ்ச்சி பேசினேன். பதிவான நாடா பெங்களூருக்குப் போய், அங்கிருந்து கடல் தாண்டிப் போய், சிற்றலையில் (ஷார்ட்வேவ்) திரும்பி நம் ஊர் ரேடியோவுக்கே வரும். இப்போது சேர்வராயன் மலையில் ஆயராக, அதாவது சபையை நடத்தும் குருவாக, இருக்கிறேன். நான் தென்னிந்தியத் திருச்சபைக்காரன். 1947 செப்டம்பர் 27-இல் பல சபைகள் சேர்ந்து ஒன்றான திருச்சபை அது. கீழே வருகிற வழி அதற்குத்தான் பொருந்தும். பெந்தெகொஸ்தே சபைகளில் வழி வேறு. கத்தோலிக்கத்தில் முற்றிலும் வேறு. அங்கே குருவானவர் கல்யாணம் செய்துகொள்வதில்லை என்று சொன்னதுமே போன் செய்தவர்களில் பாதிப் பேர் "சரிங்க ஐயா" என்று வைத்துவிடுகிறார்கள்.

முதலில் உங்கள் சபையில் உங்களை யாருக்குத் தெரியும் என்று பாருங்கள்

குருப்பட்டத்துக்கு ஆள் எடுக்கும் தேர்வுக் குழுவின் முன் நான் முதல்முறை போய் நின்றது 2003-இல். சிற்றலைக் காலம் முடிந்துகொண்டிருந்த நேரம். செஷல்ஸ் தீவிலிருந்து 1970 முதல் ஒலித்துவந்த ஃபீபா என்ற கிறிஸ்தவ வானொலியின் சிற்றலை அந்த வருடம்தான் நின்றது. (மணிலாவின் ரேடியோ வெரித்தாஸ் ஆசியா இன்னும் பதினைந்து வருடம் தாக்குப்பிடித்து, 2018 ஜூன் கடைசியில் சிற்றலையை விட்டுவிட்டு இணையத்துக்குப் போனது.) எங்கள் நிகழ்ச்சிக்கும் மூடுவிழா நடந்திருந்தது. பையில் இருநூறு நேயர் கடிதங்களை ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அதைவிடச் சிபாரிசு என்ன வேண்டும் என்று நினைப்பு.

குழுவில் இருந்த வயதான ஐயர் (எங்கள் பக்கம் ஆயரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் அந்தக் கட்டைக் கையில் வாங்கினார். பிரிக்கவில்லை. காய்கறிக் கடையில் எடை பார்ப்பதுபோல ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"தம்பி, உங்க சபையில கடைசியா யாரை அடக்கம் பண்ணாங்க?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாததற்கு ஒரு காரணமும் இருந்தது. அம்மாபேட்டையில் வாரம் முழுக்க விசைத்தறி ஓடும். சுவருக்கு முட்டை அட்டை ஒட்டினோம், ஜமுக்காளம் தொங்கவிட்டோம். தறிச் சத்தம் எப்படியும் உள்ளே வரும். கரண்ட் போனால்தான் தறி நிற்கும், கரண்ட் போனால் ரெக்கார்டரும் நிற்கும். தறிக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. ஆகவே ஒன்பது வருடமாக, எல்லாரும் ஆராதனையில் இருந்த நேரத்தில் நான் மாடியில் உட்கார்ந்து "அன்பான நேயர்களே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஐயரிடம் இதைச் சொன்னேன். "அப்ப ஒரு வருஷம் கழிச்சு வாங்க" என்றார்.

எனவே என் முதல் ஆலோசனை: விண்ணப்பப் படிவம் கேட்பதற்கு முன்னால் ஒரு வருடம் ஒதுக்குங்கள். ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பு எடுங்கள், சின்னப் பிள்ளைகள் வகுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் பாய் தூக்கிப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் சபையார் யாராவது படுத்திருந்தால் போய், ஜெபத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, காபி வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடக்க ஆராதனைக்குக் கட்டாயம் போங்கள், பெட்டியைத் தூக்கத் தோள் கொடுங்கள். மைக் எதற்கும் கை நீட்டாதீர்கள். எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. அறிவிப்பு வாசிக்கச் சொன்னால்கூடக் குரல் தானாகவே ரேடியோவுக்குப் போய்விடும்.

அந்த வருடம் முடிந்ததும் உங்கள் ஆயரிடம் நேரில் பேசுங்கள். இதைப் போனில் பேசாதீர்கள். அவர் சபைக் கமிட்டியில் வைப்பார். கமிட்டி தீர்மானம் போட்டுச் சிபாரிசுக் கடிதம் தரும். அது பல சபைகளைச் சேர்த்து நிர்வகிக்கும் திருமண்டல அலுவலகத்துக்குப் போகும். அப்புறம்தான் தேர்வுக் குழு. ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் சான்று, படிப்புச் சான்றுகள் எல்லாம் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பத்தாம் வகுப்புச் சான்றில் இன்னொரு பெயர் என்று இருந்தால் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள்.

பெண்களுக்கும் இதே வழிதான். 2013-இல் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா அம்மையார் பேராயராகவே, அதாவது திருமண்டலத்தின் தலைவராகவே, ஆகிவிட்டார். எங்கள் நிகழ்ச்சியில் பெண்கள் பகுதி பேசிய அக்கா என்னைவிட நல்ல பிரசங்கி. எனக்கு வழி சொன்ன யாரும் அவருக்குச் சொல்லவில்லை, நானும்தான். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

படிப்பு

அழைப்பு இருக்கிறது, படிப்பு எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. எங்கள் சபையில் படிக்காமல் முடியாது. செராம்பூர் செனட்டின் பி.டி. என்ற இறையியல் பட்டம், பட்டதாரிகளுக்கு நான்கு வருடம். 1818-இல் தொடங்கி 1827-இல் டென்மார்க் மன்னரின் சாசனத்தால் பட்டம் கொடுக்கும் உரிமை பெற்றது வங்காளத்தில் இருக்கிற அந்தச் செராம்பூர் கல்லூரி. அந்த 1827-இல்தான் லண்டன் மிஷன்காரர்கள் சேலத்தில் வேலை தொடங்கினார்கள் என்பதால் எனக்கு வருடம் மறப்பதில்லை. ஆங்கிலத்தில் படிக்க முடியும் என்றால் பெங்களூரில் 1910-இலிருந்து இருக்கிற ஐக்கிய இறையியல் கல்லூரி. தமிழில் படிக்க வேண்டும் என்றால் மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி. எங்கே என்பதைத் திருமண்டலமும் சேர்ந்துதான் முடிவு செய்யும்.

நான் சேரும்போது வயது முப்பத்தாறு. பக்கத்துப் பெஞ்சில் இருபத்திரண்டு வயதுப் பையன்கள். கிரேக்க எழுத்தை நோட்டில் ஆல்ஃபா, பீட்டா என்று எழுதிப் பழகுவதைப் பார்த்து என் மகள், அப்போது இரண்டாம் வகுப்பு, "அப்பாவுக்கு ஹோம்வொர்க்கா?" என்று சிரித்தாள். வீட்டுக்காரம்மாவிடம் பண விஷயத்தைத் தெளிவாகப் பேசிவிட்டுச் சேருங்கள். நான்கு வருடம் சம்பளம் இல்லை. முடித்து வந்த பிறகும் ஆயர் சம்பளம் என்ன என்று உங்கள் ஆயரிடமே வெட்கப்படாமல் கேளுங்கள். கூடவே டிரான்ஸ்பர்: சில வருடத்துக்கு ஒருமுறை வீடு, பள்ளிக்கூடம், மளிகைக் கடை எல்லாம் மாறும்.

வானொலிக்காரர்களுக்குக் கல்லூரியில் ஒரு அடி விழும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடம் நான் அழுத்தம் திருத்தமாகப் பேசிய சில வசன விளக்கங்கள் தப்பு என்று முதல் பருவத்திலேயே தெரிந்துபோனது. ஒலிபரப்பானதைத் திரும்பக் கூப்பிட முடியாது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

படிப்பு முடிந்ததும் சில காலம் பயிற்சி, அப்புறம் டீக்கன் (உதவி குரு) பட்டம், அதற்கப்புறம் பிரஸ்பிட்டர் (முழு குரு) பட்டம். பேராயரும் மற்ற ஆயர்களும் தலைமேல் கை வைக்கிறபோது அத்தனை கைகளின் பாரத்துக்குக் கழுத்து சற்றே வலிக்கும். அதை யாரும் முன்னாடி சொல்லவில்லை.

ரேடியோக் குரலை என்ன செய்வது

ரேடியோவில் கற்றுக்கொண்டதில் பாதியைப் பீடத்தில் மறக்க வேண்டும். எந்தப் பாதி என்பதுதான் சிக்கல்.

கிறிஸ்தவத் தமிழில் 'ப' அதிகம். பிதா, பாவம், பரலோகம், பரிசுத்தம், பிரசங்கம். மைக்குக்கு நேராகச் சொன்னால் ஒவ்வொன்றும் பட்டாசு மாதிரி வெடிக்கும். அதனால் ஒரு சாண் தள்ளி, வாயைக் கொஞ்சம் ஓரமாக வைத்து, கிட்டத்தட்ட காதில் சொல்கிற அளவுக்கு மெதுவாகப் பேசுவோம். இது ஆலயத்துக்குள் ஒலிபெருக்கி வேலை செய்கிற வரைக்கும் நன்றாக இருக்கும்.

மலைக்கு வந்த முதல் மாதம். காபி எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒரு பெரியவரின் அடக்கம். கல்லறைத் தோட்டம் சரிவில், சுற்றிலும் சில்வர் ஓக் மரம், மரத்தில் மிளகுக்கொடி. தூறல். கொண்டுபோன பேட்டரி ஒலிபெருக்கி நனைந்து ஊமையாகிவிட்டது. நான் வாசித்தேன். அடி வயிற்றிலிருந்து வராத அந்த மிருதுவான ரேடியோக் குரல் பெட்டியைத் தாண்டிப் போகவில்லை. பின்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம், "ஐயரு என்னமோ அவருகிட்டயே பேசிக்கிறாரு" என்று சொன்னது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கடைசியில் சபையின் பழைய உபதேசியார், எழுபது வயது, முன்னால் வந்து நின்று வசனத்தைத் தன் தொண்டையில் திரும்பச் சொன்னார். சரிவின் அடி வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு மூன்று மாதம் தினமும் சாயங்காலம் காலி ஆலயத்தில் கடைசிப் பெஞ்சில் அவரை உட்கார வைத்து, பீடத்திலிருந்து சங்கீதம் வாசித்தேன். கேட்டால் கையைத் தூக்குவார். முதல் வாரம் கை அதிகம் எழவில்லை. உங்களுக்கும் இதுதான் பயிற்சி: ஒரு காலி இடம், ஒரு பெரியவர், மைக் கிடையாது. மூச்சை வயிற்றிலிருந்து எடுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காதீர்கள். ரேடியோவில் தணித்து முடிப்பது அழகு, வெளியில் அந்தச் சொல்தான் முதலில் தொலையும்.

இன்னொன்று, திரும்பச் சொல்கிற பழக்கம். சிற்றலையில் சத்தம் ஏறும் இறங்கும், நடுவில் இரண்டு வரி காணாமல் போகும். அதனால் முக்கியமான வசனத்தை மூன்று முறை சொல்வோம். அதையே ஆலயத்திலும் செய்துகொண்டிருந்தேன். ஞாயிறு பள்ளிச் சிறுமி ஒருத்தி வந்து, "ஐயா, இன்னைக்கு நாலு தடவை சொன்னீங்க, நான் எண்ணுனேன்" என்றாள். இப்போது ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். ரேடியோவில் மூன்று விநாடி அமைதி வந்தால் இன்ஜினியர் அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்தே விடுவார். ஆலயத்தில் பத்து விநாடிகூட நிற்கலாம், ஒன்றும் ஆகாது.

மறக்கக் கூடாதவையும் உண்டு. நேரக் கட்டுப்பாடு அதில் முதலாவது. எங்கள் நிகழ்ச்சியில் தொடக்க இசை, முகவரி அறிவிப்பு போக எனக்குக் கிடைத்தது பதின்மூன்று நிமிடம். என் வேகத்துக்கு நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல், அப்படியானால் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் சொற்கள். அதற்கு மேல் எழுதினால் வெட்டு. இன்றும் பிரசங்கத்தை எழுதி எண்ணிப் பார்க்கிறேன். இருபது நிமிடத்தைத் தாண்டியதில்லை. பஸ்ஸைப் பிடித்து அடுத்த ஊருக்கு இறங்க வேண்டியவர்கள் இதற்காகவே என்னைப் பொறுத்துக்கொள்கிறார்கள். தாளைப் பின் அடிக்காமல் தனித்தனியாக வைத்து, கீழ் மூலையை மேல்நோக்கி மடித்துக்கொள்வதும் பழைய பழக்கம்தான். சரசரப்பு இல்லாமல் எடுக்கலாம். மலைக் காற்றில் பறக்காமல் மேலே ஒரு கூழாங்கல்.

கடிதங்கள்

நேயர் கடிதம், இப்போதைய கணக்கில் கமென்ட், இரண்டும் ஒன்றுதான். அவற்றை எறியாதீர்கள். ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, ஊர், அவர் கேட்டது என்ன, நாம் எழுதியது என்ன. கடைசி இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும். எங்களிடம் நோட்டு இருந்தது, ஆனால் 'கேட்டது' என்ற கட்டத்தில் "ஜெப விண்ணப்பம்" என்றும், 'எழுதியது' என்ற கட்டத்தில் "வசன அட்டை" என்றும் மட்டும் போட்டுக்கொண்டே போனோம். வாரம் நூறு கடிதம் வந்தால் வேறென்ன செய்வது என்று சமாதானம்.

2012-இல் ஏற்காட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் ஜெபத்துக்குப் போனேன். கதவைத் திறந்த அம்மா நான் பேசியதும் நின்றுவிட்டார். "ஏனுங்க, ரேடியோவுல பேசுனவரு நீங்கதானுங்களா? நான் ஒல்லியா, உயரமா நெனச்சிருந்தனுங்க." உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பா எடுத்து வந்தார். அதில் ரேஷன் கார்டு, மருத்துவச் சீட்டு, அவற்றுக்கு அடியில் எங்கள் வசன அட்டை. ரோஜாப்பூப் படம், கீழே என் கையெழுத்து, 2001. என்ன எழுதிக் கேட்டீர்கள் என்றேன். மகன் பதினாலு வயதில் வீட்டை விட்டு ஓடிப்போனானாம். எங்கே போய்த் தேடுவது, யாரிடம் புகார் கொடுப்பது, மலையில் இருந்துகொண்டு எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று இன்லேண்ட் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

"கேட்டதுக்குப் பதில் இல்லீங்க. ஆனா அட்டை அழகா இருந்துச்சு, வச்சுக்கிட்டேன்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். மகன் இரண்டு வருடம் கழித்துத் திருப்பூரிலிருந்து தானே திரும்பி வந்துவிட்டானாம். அவன் பிள்ளைக்குத்தான் அன்றைக்கு ஜெபம்.

அன்று இரவு பழைய நோட்டை எடுத்து அந்த வருடத்தைத் தேடினேன். ஊர் பெயர் இருந்தது. ஜெப விண்ணப்பம். வசன அட்டை. பட்டத்துக்குப் போக நினைக்கிற உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன்: உங்களுக்கு வந்த செய்திகளில் கடைசி ஐம்பதை எடுத்து, ஒவ்வொன்றிலும் அவர் உண்மையில் கேட்டது என்ன என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அதில் எத்தனை பேருக்குக் கைகூப்பும் பொம்மையை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தீர்கள் என்றும் எண்ணுங்கள். தேர்வுக் குழுவுக்குப் போகும்போது அந்தத் தாளை எடுத்துப் போங்கள்.

சில நடைமுறை விஷயங்கள்

ஆயர் வேலையில் பாதி பதிவேடு. 1872-ஆம் வருடத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். ஆலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பது நமக்குத் தெரியும். கல்யாணத்தைப் பொதுவாகக் காலை ஆறிலிருந்து மாலை ஏழுக்குள் நடத்த வேண்டும் என்று சட்டம் நேரம் குறித்திருப்பது பலருக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டு வேன் கொண்டை ஊசி வளைவில் பஞ்சராகி ஐந்தரைக்கு வந்து சேர்ந்தபோதுதான் அந்தப் பிரிவு எனக்கு மனப்பாடம் ஆனது. பதிவேட்டில் ஒரு எழுத்துப் பிழை விட்டால் பத்து வருடம் கழித்துப் பாஸ்போர்ட் வேலையில் கிளம்பி வரும். ரேடியோவில் க்யூ ஷீட் (நிகழ்ச்சி வரிசைத் தாள்) எழுதிப் பழகியவர்களுக்கு இதெல்லாம் கைவந்த வேலை.

சொந்தமாக ஒரு நற்செய்தி எஃப்எம் தொடங்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். மத அமைப்புகளின் பிடியில் உள்ள நிறுவனங்களுக்குத் தனியார் எஃப்எம் உரிமம் கிடையாது. 2006-இலிருந்து தொண்டு நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி அனுமதி உண்டு. ஆனால் அது நூறு வாட் சமாச்சாரம், சுற்றுப்புற ஊர்களுக்காக, மத உணர்வுகளைப் பயன்படுத்திக்கொள்ளாமல் நடத்த வேண்டியது. அதில் காபிக்கு மருந்தடிப்பது, ரேஷன், பள்ளிச் சேர்க்கை என்று பேசுவதற்கு ஆள் தேவை. அழைத்தால் நான் போய்ப் பேசுவேன்.

மலைச் சபைக்குப் போட்டால் காபி அறுவடையைப் பார்த்துக் கூட்டம் வையுங்கள். நவம்பருக்கு மேல் பழம் பறிக்கிற மாதங்களில் வார நாள் கூட்டத்துக்கு ஆள் வராது. அறுப்பின் பண்டிகைக்கு மட்டும் எல்லாரும் வருவார்கள். அங்கே நடக்கும் காணிக்கைப் பொருள் ஏலத்தில் பலாப்பழத்தின் விலையைக் கூவி ஏற்றுவதற்கு ரேடியோக் குரல் உண்மையிலேயே உதவும்.

பட்டத்துக்குப் பிறகு ஒலிபரப்பை விட வேண்டியதில்லை. நான் வாரத்துக்கு ஒன்று, மூன்று நிமிடம், போனிலேயே பதிவு செய்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல், கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பேசினால் எதிரொலி இருக்காது. பார்த்தால் சிரிப்பார்கள், பரவாயில்லை. சபையில் யாருடைய கதையையும் அதில் சொல்வதில்லை. பெயரை மறைத்தாலும் மலையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மேலே சொன்ன அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே எழுதினேன். "எழுதுங்க, அட்டைக்கு ரோசாப்பூ போட்டிருந்துச்சுன்னு எழுதுங்க" என்றார்.

கடைசியாக, பழைய கேசட் வைத்திருப்பவர்களுக்கு. மலை ஈரத்தில் நாடா பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, கேசட்டைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்து, வெயில் உள்ள ஊரில் வைத்திருங்கள். ஓட்டுவதற்கு முன் ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றிவிடுங்கள், ஒட்டிய நாடா பிரியும். நான் சேலத்துக்கு இறங்கும்போதெல்லாம் பத்துப் பத்தாக எடுத்துப் போய்க் கணினியில் ஏற்றிவருகிறேன். இன்னும் நாற்பது கிடக்கிறது. 2001-இல் பேசியவற்றை இன்னும் கேட்கவில்லை.